வலை யாருடையது, மீன் யாருடையது: ஒரு தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய மென்பொருள் குழுவினர், ரப்பர் கடைகளுக்கும் கடற்கரையில் மீன் ஏலக் கணக்கு வைக்கும் சங்கங்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு மென்பொருளைப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். குலசேகரத்திலும் அருமனையிலும் உள்ள கடைகளில் ஷீட்டின் எடை, தரம், ஒட்டுபாலின் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பரின்) விலை, விவசாயிக்குக் கொடுத்த முன்பணம் ஆகியவை அதில் ஏற வேண்டும். தேங்காப்பட்டணத்தில் வள்ளம் கரை சேர்ந்த நேரம், ஏலத் தொகை, பங்குப் பிரிப்பு ஆகியவை ஏற வேண்டும். மழைக்காலத்தில் மலையோரக் கடைகளில் இணையம் மணிக்கணக்கில் இல்லாமல் போவதால் கடையின் கணினியிலேயே தரவு இருந்தாக வேண்டும். இரவில் ஒருமுறை பொதுவான சர்வரோடு சேர்த்துக்கொண்டால் போதும். குறைந்தது பத்தாண்டு இந்த மென்பொருள் ஓட வேண்டும் என்று கணக்கிட்டு, தகவலைச் சேமித்துத் தேடித் தரும் அடிப்படை மென்பொருளான தரவுத்தளங்களில் எதன் மேல் இதைக் கட்டலாம் என்று என்னிடம் கேட்டார்கள்.

அவர்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: மாங்கோடிபி, மைஎஸ்க்யூஎல் (அதனோடு சேர்த்தே பேச வேண்டிய மரியாடிபியும்), போஸ்ட்கிரெஸ்க்யூஎல், சொந்தமாக எதையும் நிறுவாமல் இணையவழியே கணினியை வாடகைக்கு விடும் அமேசான் போன்ற ஒரு கிளவுட் நிறுவனத்தின் தரவுத்தளச் சேவையை வாடகைக்கு எடுப்பது. வேகத்தையும் வசதியையும் வைத்து இவற்றை ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளமாக உண்டு. ஒரு ரப்பர் கடையில் ஒரு நாளில் ஏறும் சில நூறு வரிகளுக்கு இந்த நான்கில் எதுவும் திணறப் போவதில்லை என்பதால், அந்த ஒப்பீடு இவர்களுக்குப் பயன்படாது. பத்தாண்டுக் கணக்கில் இவர்களைத் தொடப் போவது, இந்த மென்பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனங்கள் எதற்காகத் தம் மூலநிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்திருக்கின்றன, அந்தக் காரணம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விதான். இதைக் குழுவினருக்கு முன்பே அவர்களுடைய முதல் வாடிக்கையாளர், எழுபது வயதைக் கடந்த ரப்பர் வியாபாரி, தம் பாணியில் கேட்டுவிட்டிருந்தார்: “மக்களே, சும்மா தாறவன் எதுக்குத் தாறான்னு மொதல்ல விசாரி.”

கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. வள்ளம் வாங்கவோ, என்ஜின் மாற்றவோ, வலை எடுக்கவோ கையில் பணமில்லாத மீனவருக்கு ஏலம் விடும் வியாபாரி முன்பணம் கொடுப்பார். பல நேரங்களில் அதற்குத் தனியாக வட்டி கேட்கவும் மாட்டார். பிடித்து வரும் மீன் தம் கைவழியாகவே ஏலம் போக வேண்டும், ஒவ்வொரு ஏலத்திலும் தமக்குரிய கழிவுத் தொகை வர வேண்டும் என்பதே அவருடைய நிபந்தனை. அவரை வஞ்சகர் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அவர் பணத்தில்தான் வள்ளம் கடலுக்குப் போகிறது, வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அவருக்கு வருமானம் மீனில் இருக்கிறது. வலை எவ்வளவு மலிவாக, எவ்வளவு பேர் கையில் இருக்கிறதோ அவ்வளவு அவருக்கு நல்லது. திறமூல மென்பொருளில் பெரிய நிறுவனங்கள் காட்டும் ஈடுபாட்டின் பெரும்பகுதியை நான் இந்த முறையிலேயே புரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு மென்பொருளைப் பற்றியும், அதைக் கொடுப்பவருக்கு அது வலையா, மீனா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஐபிஎம் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்காக 100 கோடி டாலர் செலவிடப்போவதாக அறிவித்தபோது பலர் வியந்தார்கள். ஐபிஎம் விற்றது பெரிய கணினிகளையும், அவற்றை நிறுவிப் பராமரிக்கும் சேவையையும். அந்தக் கணினிகளில் ஓடும் இயங்குதளத்துக்கு வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்டுக்கோ சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்கோ பணம் கட்டினால், ஐபிஎம்முக்கு வர வேண்டிய தொகையில் ஒரு பங்கு போட்டியாளருக்குப் போகிறது. இயங்குதளம் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தால் அந்தப் பங்கு வன்பொருளுக்கும் சேவைக்கும் திரும்பி வரும். கூகுள் 2014-இல், செயலிகளைப் பல கணினிகளில் பரப்பி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் என்ற கருவியைத் திறந்து வெளியிட்டு, அடுத்த ஆண்டே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த புதிய அமைப்பின் பொறுப்பில் அதை விட்டதும் இதே கணக்குதான். கிளவுட் சந்தையில் அமேசான் வெகுதூரம் முன்னே போய்விட்டிருந்த காலம் அது. செயலிகளை ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாற்ற உதவும் கருவி உலகெங்கும் பரவினால், பின்தங்கியிருப்பவருக்கே அதனால் அதிக லாபம்.

ஆண்ட்ராய்டு இதன் இன்னொரு முகம். அதன் அடிப்படை நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மக்கள் கைபேசியில் எதிர்பார்க்கும் பிளே ஸ்டோரும், பல செயலிகள் நம்பியிருக்கும் பிளே சேவைகளும் கூகுளின் தனி உரிமையில் இருக்கின்றன; அவற்றைப் பெற விரும்பும் கைபேசி நிறுவனங்கள் மேல் விதித்த நிபந்தனைகளுக்காகவே ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. குளச்சல் துறைமுகத்தில் காற்றின் வேகத்தைப் பார்க்கும் மீனவர் கையில் இருப்பது கூகுளின் வலை. தேடலும் விளம்பரமும் அதன் மீன்.

மைக்ரோசாஃப்டின் மாற்றத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் விளக்காது. 2001-இல் அதன் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னார். 2014-இல் அவருக்குப் பின் வந்த சத்யா நாதெள்ளா, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று மேடையில் அறிவித்தார். இடைப்பட்ட காலத்தில் அந்நிறுவனம் மனம் திருந்திவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். வருமானம் வரும் இடம் மாறியது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. விண்டோஸ் உரிமத்தை விற்று வாழ்ந்தபோது லினக்ஸ் அதன் மீனைத் தின்றது; அசூர் கிளவுடில் கணினி நேரத்தை வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகு, வாடிக்கையாளர் அதில் லினக்ஸை ஓட்டினாலும் வாடகை வந்துவிடுகிறது. 2018-இல் 750 கோடி டாலர் மதிப்பில் கிட்ஹப்பை வாங்கியதையும், விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரலெழுதும் கருவியை இலவசமாகப் பரப்பியதையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். அந்தக் கருவியின் மூலநிரல் எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் திறந்திருந்தாலும், நாம் பதிவிறக்கும் தொகுப்பு மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தில் வருகிறது. அதற்குக் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் நீட்சிகளின் சந்தையை மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவிகளோடு மட்டுமே பயன்படுத்தலாம் என்பதும் விதி. இந்தக் குழுவில் ஏழு பேரும் அதில்தான் நிரல் எழுதுகிறார்கள். அதை விடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை, ஏனெனில் நிரலெழுதும் கருவியை ஒரு நாளில் மாற்றிக்கொள்ளலாம். தரவுத்தளத்தை அப்படி மாற்ற முடியாது.

இதுவரை சொன்ன எல்லாரும் வேறெதையோ விற்பதற்காக மென்பொருளை இலவசமாக்கியவர்கள். தாம் இலவசமாகக் கொடுப்பதையே விற்றும் வாழ வேண்டிய நிறுவனங்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு வலையே மீன். நம் தேர்வில் மாங்கோடிபி அந்த வகையைச் சேர்ந்தது.

மாங்கோடிபியை ஒரே நிறுவனம் எழுதுகிறது. வெளியிலிருந்து பங்களிப்பவர்கள் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே அவர்கள் நிரல் ஏற்கப்படும். ஆகவே உரிமத்தை மாற்றும் அதிகாரம் முழுவதும் ஒரே கையில் இருக்கிறது. 2018 அக்டோபரில் அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது. அதுவரை ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வந்துகொண்டிருந்த மென்பொருள், எஸ்எஸ்பிஎல் என்ற புதிய உரிமத்துக்கு மாறியது. இந்த மென்பொருளையே பிறருக்குச் சேவையாக வழங்குபவர் அந்தச் சேவையை நடத்தப் பயன்படுத்தும் எல்லா நிரலையும் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். கிளவுட் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது என்பதில் ஐயமில்லை. சில மாதங்களில், 2019 ஜனவரியில், அமேசான் மாங்கோடிபியைப் போலவே பேசும் டாக்குமென்ட்டிபி என்ற சேவையைத் தனியாக அறிமுகப்படுத்தியது. எஸ்எஸ்பிஎல்லைத் திறமூல உரிமமாக ஏற்கும்படி வைத்த விண்ணப்பத்தை மாங்கோடிபி நிறுவனமே பின்னர் திரும்பப் பெற்றது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் மாங்கோடிபியைத் தம் தொகுப்பிலிருந்து நீக்கின.

இதைப் படிக்கும்போது மாங்கோடிபி நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பத்தாண்டு பாடுபட்டு ஒரு பொருளைச் செய்தவர்கள், அதை எடுத்து வாடகைக்கு விட்டுப் பெரும் பணம் பார்க்கும் நிறுவனம் தமக்கு ஒன்றும் தரவில்லை என்று வருந்துவது நியாயம்தான். அவர்களுடைய வருவாயின் பெரும்பகுதி இன்று அட்லஸ் என்ற அவர்களது சொந்தக் கிளவுட் சேவையிலிருந்து வருகிறது. எனவே அவர்களுடைய புதிய வசதிகளும் கவனமும் அந்தப் பக்கமே சாயும். நம் குழுவுக்குச் சட்டப்படி இந்த உரிமத்தால் நேரடித் தடை எதுவுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: கடைக்காரருக்குக் கணக்கு மென்பொருளைக் கொடுப்பது மாங்கோடிபியைச் சேவையாக விற்பதாகாது. இருந்தாலும், இணையமில்லாத மலையோரக் கடையில் தனியாக ஓட வேண்டிய ஒரு நிறுவலும், எல்லாரையும் தம் கிளவுடுக்கு அழைத்து வந்தால்தான் வாழ முடியும் என்ற ஒரு நிறுவனமும் பத்தாண்டு ஒரே திசையில் நடப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

மாங்கோடிபி தனித்த ஒரு நிகழ்வாக இருந்திருந்தால் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன். 2021-இல் எலாஸ்டிக் நிறுவனம் தன் தேடல் மென்பொருளை அபாச்சி என்ற திறமூல உரிமத்திலிருந்து விலக்கியது. அமேசான் பழைய பதிப்பிலிருந்து, தனியாக வளரும் ஓப்பன்சர்ச் என்ற கிளையைத் தொடங்கியது. 2023-இல் ஹாஷிகார்ப் நிறுவனம், கிளவுட் கணினிகளை அமைக்க உதவும் டெர்ராஃபார்மின் உரிமத்தை மாற்ற, ஓப்பன்டோஃபு என்ற கிளை பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் உரிமம் மாற, சில நாட்களில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்ற கிளை வந்தது. எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பின. அந்த இடைவெளியில் கீழே இருந்தவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் அறிவேன். இத்தகைய ஓர் உரிம மாற்றத்தின்போது, நான் வேலை பார்த்த திட்டத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் சட்டப் பிரிவு புதிய உரிமத்தை ஏற்க மறுத்துவிட்டது. பழைய பதிப்பில் நின்றால் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது, புதியதற்குப் போக அனுமதி இல்லை. நான்கு மாதங்கள், ஒரு புதிய வசதிகூடச் சேர்க்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை வேறொன்றின் மேல் மறுபடி ஓட வைத்தோம். அந்த உழைப்புக்கு யாரும் பணம் தரவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு வரவுசெலவுக் குறிப்பு. ஏழு பேர் உள்ள குழுவுக்கு நான்கு மாதம் என்பது கடையை மூடும் தொலைவு.

அடுத்தது மைஎஸ்க்யூஎல். நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்து வருபவர்கள் பலருக்கும் கைபழகிய தரவுத்தளம் இது என்பதால், புதியவரைப் பணிக்குச் சேர்ப்பது எளிது. அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் உரிமை கைமாறிய கதை, இந்தக் கட்டுரை முழுவதையும் தனியாகச் சொல்லிவிடும். சுவீடனில் 1995-இல் தொடங்கிய நிறுவனத்தை 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 100 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2010 ஜனவரியில், சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குப் போனது. ஆரக்கிளின் முதன்மை வருமானம் தன் தனியுரிமத் தரவுத்தளத்தை விற்பதிலிருந்து வந்தது. அதாவது, மீனை விற்பவர் அந்த மீனையே மலிவாக்கும் வலைக்கும் உரிமையாளரானார். ஐரோப்பிய ஆணையம் இதனால் அந்த இணைப்பை நீண்ட நாள் நிறுத்திவைத்து ஆராய்ந்தது. மைஎஸ்க்யூஎல்லைத் தொடர்ந்து வளர்ப்பதாக ஆரக்கிள் 2009 டிசம்பரில் சில உறுதிமொழிகளைப் பகிரங்கமாகக் கொடுத்தது. ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடும் என்று அன்று பலர் எழுதியது நடக்கவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும், 5.6, 5.7, 8.0 ஆகிய பதிப்புகள் நல்ல பதிப்புகளே. ஆனால் தணிக்கைப் பதிவு போன்ற சில வசதிகள் கட்டணப் பதிப்பில் மட்டும் இருக்கின்றன. பெரிய அளவில் விரைவான பகுப்பாய்வைத் தரும் ஹீட்வேவ், ஆரக்கிள் நடத்தும் சேவையாக மட்டுமே கிடைக்கிறது. கணக்கு மென்பொருளுக்குத் தணிக்கைப் பதிவு தேவை. அதை இந்தக் குழு தானே எழுதிக்கொள்ள நேரும்.

மைஎஸ்க்யூஎல்லில் கூர்ந்து பார்க்க வேண்டிய இன்னொரு முனை, அதன் இரட்டை உரிமம். 2000-ஆம் ஆண்டிலிருந்து அது ஜிபிஎல் உரிமத்தில் (இதன் நிரலைச் சேர்த்து விநியோகிப்பவர் தம் நிரலையும் திறக்க வேண்டும் என்ற உரிமம் இது) இலவசமாகவும், ஜிபிஎல் நிபந்தனைகளை ஏற்க விரும்பாதவர்களுக்குக் கட்டண உரிமத்திலும் கிடைத்து வருகிறது. இது வியாபாரத்தின் மையம்: ஜிபிஎல்லின் கண்டிப்பே கட்டண உரிமத்தை விற்றுத் தருகிறது. தன் சர்வரில் மட்டும் மைஎஸ்க்யூஎல்லை ஓட்டும் இணையதளத்துக்கு இதனால் ஒன்றுமில்லை. நம் குழுவோ மென்பொருளைக் கடைதோறும் கொண்டுபோய் நிறுவித் தரப் போகிறது, அது விநியோகம். மூடிய நிரலோடு தரவுத்தளத்தோடு பேச உதவும் ஆரக்கிளின் ஜிபிஎல் இணைப்பு நூலகத்தைச் சேர்த்துக் கொடுத்தால், தம் நிரலையும் திறக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். இது எழாத மொழிகளும் நூலகங்களும் உண்டு. மரியாடிபியின் சி மொழி இணைப்பு நூலகம் எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்தில் இருப்பதால் அதைப் பயன்படுத்தித் தப்பிக்கவும் முடியும். ஆனாலும் வழக்கறிஞரிடம் கேட்டே தெளிய வேண்டிய ஒரு சந்தேகத்தைக் குலசேகரத்துக் கடைவரை சுமந்துபோக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மரியாடிபி இங்கே இயல்பாகவே பேச்சில் வருகிறது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான மைக்கேல் விடேனியஸ், ஆரக்கிள் வருவதைக் கண்டு 2009-இல் பிரித்தெடுத்த கிளை அது. மூத்த மகள் மையின் பெயரை முதலாவதற்கும் இளைய மகள் மரியாவின் பெயரை இதற்கும் வைத்தார். அதன் மூலநிரலைக் காக்க ஓர் அறக்கட்டளையும், அதை வைத்து வியாபாரம் செய்ய ஒரு நிறுவனமும் உண்டு. அந்த நிறுவனம் 2022 இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போய், இரண்டே ஆண்டுக்குள் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அறக்கட்டளை இருப்பதால் மரியாடிபி நாளையே மறைந்துவிடாது. ஆனால் ஒரு மென்பொருளின் பெரும்பாலான நிரலர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே நிறுவனம் தள்ளாடினால், அறக்கட்டளையின் பெயர்ப்பலகை மட்டும் நிரல் எழுதாது.

நான்காவது வழியான கிளவுட் சேவையைச் சுருக்கமாகவே பேசுகிறேன், ஏனெனில் மழைக்காலத்து இணையம் அதன் முடிவை ஏற்கெனவே எழுதிவிட்டது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்றுக்கும் இந்தியாவில் தரவு மையங்கள் இருக்கின்றன. காப்புப் பிரதி எடுப்பது, பழுது பார்ப்பது, பதிப்பு மாற்றுவது என்ற இரவுநேர வேலைகளை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வது ஏழு பேர் குழுவுக்குப் பெரிய நிம்மதி. அவர்கள் விற்பது கணினி நேரம் என்பதால், அதில் ஓடும் தரவுத்தளம் இலவசமாக இருப்பதையே விரும்புவார்கள். இந்த அளவில் நம் நலனும் அவர்கள் நலனும் ஒன்றுதான். ஒரு கிளவுடில் மட்டுமே கிடைக்கும் தரவுத்தளத்தின் மேல், உதாரணமாக அமேசானின் டைனமோடிபியின் மேல், மென்பொருளை எழுதிவிட்டால் அந்த ஒற்றுமை முடிந்துவிடுகிறது. முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளரிடம் தரவை எடுத்துச்செல்லும் கட்டணத்தை வாங்குவதில்லை என்று 2024-இல் கூகுளும் அமேசானும் அறிவித்தன, அது வரவேற்கத்தக்கது. ஆனால் தரவை எடுத்துச் செல்வதைவிட, அதைச் சுற்றி எழுதிய நிரலை மாற்றி எழுதுவதற்கே எப்போதும் அதிகம் செலவாகும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற வழியை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மற்ற மூன்றையும் பார்த்த பிறகே அதன் அமைப்பு எவ்வளவு அரியது என்பது புரியும். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்து, 1996-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் உரிமம் மிகவும் தளர்வானது: யார் வேண்டுமானாலும் எடுத்து, மூடி, விற்கலாம், பல நிறுவனங்கள் அப்படி விற்றும் இருக்கின்றன. கடைதோறும் நிறுவிக் கொடுக்கும் நம் குழுவுக்கு இதில் எந்தச் சட்டச் சந்தேகமும் இல்லை. ஆனால் தளர்வான உரிமம் மட்டும் பாதுகாப்பு அன்று. ரெடிஸும் அப்படிப்பட்ட உரிமத்தில்தான் இருந்தது. இங்கே வேறுபடுவது, பொதுவான நிரலின் பெயரும் சாவியும் எந்த ஒரு நிறுவனத்தின் பெட்டியிலும் இல்லை என்பது. பங்களிப்பவர் யாருக்கும் தம் பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதில்லை. மையக் குழுவில் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வழக்கமும் உண்டு; 2020-இல் என்டர்பிரைஸ்டிபி நிறுவனம் இன்னொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தை வாங்கியதால் அந்த எல்லை மீறப்பட்டபோது, வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவரைக் குழுவில் சேர்த்துச் சமன் செய்தார்கள். எழுதாத ஒரு வழக்கம் வியாபாரத்தின் முன் நின்று தாங்கியது என்பதே எனக்கு எந்த உரிமத்தையும்விட நம்பிக்கை தருகிறது.

அதனால் போஸ்ட்கிரெஸ் வியாபார நோக்கம் தீண்டாத தூய இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் நிரல் எழுதுபவர்களில் பலர் என்டர்பிரைஸ்டிபி, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்களின் சம்பளத்தில் இருப்பவர்கள். 2025-இல் டேட்டாபிரிக்ஸ் நியான் என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் ஸ்னோஃபிளேக் கிரஞ்சி டேட்டாவை வாங்கியது. இத்தனை பணம் வந்து சேர்வதைக் கண்டு குழுவில் ஒருவர் அஞ்சினார். எனக்கு அது ஆறுதலாகவே பட்டது. ஒருவரையொருவர் சந்தையில் வீழ்த்த முயலும் ஐந்தாறு நிறுவனங்கள், எல்லாரும் ஒரே வலையை நம்பி மீன் பிடிக்கும்போது, அந்த வலையை எவரும் தனியாகப் பூட்டிவிடாதபடி மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கானோரின் பதிப்புரிமை கலந்து கிடப்பதால் உரிமத்தை மாற்றவே முடியாத லினக்ஸின் மையப் பகுதியான கருவும் இப்படித்தான் நிற்கிறது. அதற்கு வரும் நிரலில் பெரும்பகுதி சம்பளம் வாங்கும் ஊழியர்கள் எழுதியதே. நம் கடற்கரையில் மீனவர் சங்கங்கள் ஏலத்தையும் கடனையும் தம் கையில் எடுத்தபோது, வியாபாரிகள் கரையை விட்டு ஓடிவிடவில்லை. எல்லாரும் வந்து ஏலம் கேட்டார்கள், ஆனால் எவரும் மீனவரைத் தனியாகக் கட்டிவைக்க முடியவில்லை.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கும் விலை உண்டு. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டு மட்டுமே திருத்தங்கள் வரும் என்பதால், பத்தாண்டில் இரண்டு முறையாவது கடைதோறும் பதிப்பு மாற்ற வேண்டும். மலையோரத்தில் நாற்பது கடைகள் இருந்தால் அது ஒரு மாத அலைச்சல். நள்ளிரவில் ஏதாவது நின்றுபோனால் தொலைபேசியில் அழைக்க ஒரே ஒரு பொறுப்பான நிறுவனம் கிடையாது. அவசர ஆதரவு வேண்டுமானால் அதை விற்பவரிடம் தனியாக வாங்க வேண்டும். குழுவில் இருவர் இதுவரை மைஎஸ்க்யூஎல் மட்டுமே அறிந்தவர்கள். இந்தக் குறைகள் எல்லாம் நாம் கணக்கிட்டு, நேரம் ஒதுக்கி, செய்து முடிக்கக்கூடியவை. ஒரு காலையில் எழுந்து பார்க்கும்போது உரிமம் மாறியிருப்பதை எந்தத் திட்டத்திலும் ஒதுக்கிவைக்க முடியாது.

இயங்குதளத்திலும் இதே அளவுகோலையே பயன்படுத்தினோம், அதிக நேரம் ஆகவில்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இலவசப் பிரதியாக இருந்த சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பி நிறுவியவர்களுக்கு, 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு அந்த நாளை 2021 டிசம்பர் 31-க்கு இழுத்துக்கொண்டு வந்தது. ரெட் ஹாட்டை ஐபிஎம் 2019-இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அந்த விலைக்கு வாங்கிய மீனின் இலவசப் பிரதியை எவ்வளவு காலம் பரிமாறுவார்கள் என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். சர்வருக்கு டெபியனைத் தேர்ந்தெடுத்தோம். 1993 முதல் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் தன்னார்வலர்களால் நடந்து வருவது அது. கைபேசிச் செயலிக்குக் கூகுளின் ஃபிளட்டர் என்ற செயலி எழுதும் கருவியை அவர்கள் விரும்பினார்கள். திரையில் எடையும் தொகையும் காட்டும் அந்தச் செயலியைத் தேவைப்பட்டால் இரண்டு மாதத்தில் வேறொன்றில் எழுதிவிடலாம் என்பதால் நான் மறுக்கவில்லை.

முடிவில், கடைக் கணினிகளிலும் பொதுச் சர்வரிலும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல். சர்வர் ஒரு கிளவுட் நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்த வெறும் கணினியாக மட்டும் இருக்கும், அவர்களுடைய தனித்த தரவுத்தளச் சேவை எதையும் தொடுவதில்லை. வாரம் ஒருமுறை முழுக் காப்புப் பிரதியை நாகர்கோவிலில் உள்ள இன்னொரு கணினியில் மீட்டு, கணக்கு ஒத்துவருகிறதா என்று ஒருவர் பார்ப்பார். ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளுக்கு இதே கேள்வி வந்திருந்தால், மாற்றும் செலவை எண்ணி, மரியாடிபியின் இணைப்பு நூலகத்தோடு அங்கேயே இருக்கும்படி சொல்லியிருப்பேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத்தான் இந்தச் சுதந்திரம்.

ரப்பர் வியாபாரியின் கேள்வி இந்தக் குழுவையும் நோக்கித் திரும்பியது. முதல் ஆண்டு மென்பொருளை இலவசமாகத் தருவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். தங்களுக்கு வருமானம் இரண்டாம் ஆண்டிலிருந்து வரும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் என்பதையும், கட்டணம் நின்றாலும் கடையின் முழுக் கணக்கையும் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்பாக எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்; எழுதினார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு வியாபாரி ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: கோப்பில் தலைப்புகள் தமிழில் வர வேண்டும், தம் மகன் இல்லாத நாளில் தாமே படித்துப் பார்க்க வேண்டுமாம். அதையும் சேர்த்திருக்கிறார்கள்.